மாடு பூட்டி இழுத்தும் அசையாத பெண்

வணக்கம் உறவுகளே. முதலில் இதைப் பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள், வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்புகிறேன். சரி, இப்போது தெரிகிறதா? கட்டைவிரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் செம்மஞ்சள், வழுவழுவென்று புடைத்திருக்கிறது. மறுபக்கம் தட்டை, வெள்ளை, நடுவில் ஒரு சுருள். கல் என்று நினைப்பீர்கள், கல் இல்லை. ஒரு வகைக் கடல் நத்தை ஓட்டுக்குள் போனதும் வாசலை அடைத்துக்கொள்கிற மூடி இது. சிசிலியில் இதற்குப் பெயர் 'சாந்தா லூசியாவின் கண்'; சாந்தா என்றால் புனித. சற்று முன் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கினேன். ஏழெட்டைப் புரட்டிப் பார்த்து, சுருள் நன்றாக விழுந்ததாக ஒன்றைப் பொறுக்கினேன். வாங்குவது அம்மாவுக்கு. அவவுக்கு இடது கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. 'சிராக்கூசாவுக்குப் போனால் எனக்கு அந்தக் கண் ஒன்று வேண்டும்' என்று நேற்றே சொல்லிவிட்டா.

நான் நிற்பது சிசிலியின் சிராக்கூசா நகரத்தில், ஒர்த்தீஜியா என்ற பழைய தீவுப் பகுதியில், பேராலயத்துக்கு முன்னால். இன்று டிசம்பர் 13, லூசியாவின் திருநாள். பலெர்மோவில் இருட்டோடு பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வழியெல்லாம் மழை. இங்கே வந்து இறங்கினால் பளிச்சென்று வெயில்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பலெர்மோவில் ஈழத்துத் தமிழர் நிறையப் பேர் இருக்கிறோம். சைவக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலை ஏறி அந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவதைப் பார்த்து இத்தாலியரே ஆச்சரியப்படுவார்கள். எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரொசாலியா படம் இருக்கிறது. லூசியாவும் எனக்குப் புதிய ஆள் இல்லை. சின்ன வயதில் சில வருடங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அங்குள்ள பெரிய பேராலயமே இவவின் பெயரில்தான், புனித லூசியா பேராலயம். அந்தப் பெரிய வெள்ளைக் கும்மட்டம்தான் எங்களுக்கு வழி அடையாளம். ஆனால் அது யாருடைய பெயர் என்று அப்போது ஒருவரையும் கேட்டதில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் 303இல் கிறிஸ்தவர்களுக்கு எதிராக ஆணை போட்டான். கோயில்களை இடி, வேதப் புத்தகங்களை எரி என்று தொடங்கியது அது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை லூசியா. அப்பா இல்லை. அம்மா எவுத்திகியா, நான்கு வருடமாக இரத்தப்போக்கு நிற்காமல் அவதிப்படுகிறா. பக்கத்து ஊர் கத்தானியாவில் ஆகத்தா என்ற கன்னி 251இல் வேதசாட்சியாகச் செத்திருந்தா. அவவின் கல்லறைக்குத் தாயும் மகளும் போகிறார்கள். அங்கே, இயேசுவின் மேலாடையைத் தொட்டுச் சுகமான பெரும்பாடுள்ள பெண்ணின் சுவிசேஷப் பகுதி வாசிக்கப்படுகிறது. 'அம்மா, இந்தக் கல்லறையைத் தொடுங்கள்' என்கிறாள் மகள். இரவு அவள் கனவில் ஆகத்தா வந்து கேட்கிறா: 'நீயே கொடுக்கக்கூடியதை என்னிடம் ஏன் கேட்கிறாய், தங்கச்சி?'

தாய் சுகமாகிறா. லூசியா உடனே பிடிக்கிறாள் பாருங்கள். 'எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், சீதனக் காசை ஏழைகளுக்குக் கொடுப்போம்.' தாய் தயங்குகிறா. 'நான் கண்ணை மூடின பிறகு செய், பிள்ளை' என்கிறா. அதற்கு மகள் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. சாகும்போது கொடுப்பது பெரிய காரியமா, எப்படியும் கொண்டுபோக முடியாததைத்தானே அப்போது கொடுக்கிறீர்கள் என்கிறாள்.

நகை விற்கிறார்கள், காணி விற்கிறார்கள். நிச்சயித்த மாப்பிள்ளை முதலில் ஏதோ பெரிய சொத்து வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சந்தோசப்படுகிறான். எல்லாம் கரைகிறது என்று தெரிந்ததும் நேரே ஆளுநர் பஸ்காசியுஸிடம் போய், 'இவள் கிறிஸ்தவள்' என்று போட்டுக்கொடுக்கிறான். சீதனம் போன கோபத்தில் போட்டுக்கொடுத்தவன், உறவுகளே. 1700 வருடத்துக்கு முந்தின கதையில் எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாத இடம் இதுதான்.

ஆளுநர் அவளை விலைமாதர் விடுதிக்கு இழுத்துப் போகச் சொல்கிறான். மனம் இசையாமல் உடம்பு கெடாது என்று பதில் சொல்கிறாள். இழுக்கிறார்கள், அசையவில்லை. கை கால் கட்டி ஆட்கள் சேர்ந்து இழுக்கிறார்கள், ம்ஹூம். சோடி சோடியாக மாடு பூட்டி இழுக்கிறார்கள், அப்போதும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். சுற்றிவர நெருப்பு மூட்டுகிறார்கள், சுடவில்லை. கடைசியில் தொண்டையில் வாள். இதுதான் கதை.

கவனித்தீர்களா, கண் எங்கே? கதையில் கண்ணே இல்லை. தட்டில் இரண்டு கண்ணை ஏந்தி நிற்கிற லூசியா படத்தைத்தான் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய கதையில் யாரும் அவள் கண்ணைத் தொடவில்லை. அவள் பெயரில் 'லூக்ஸ்' இருக்கிறது, இலத்தீனில் ஒளி என்று பொருள். ஒளி என்றால் கண். கண் நோவுக்காரர் அவளைத் தேடி வந்தார்கள், ஓவியர்கள் அடையாளத்துக்குக் கையில் ஒரு சோடிக் கண்ணைக் கொடுத்தார்கள். பிறகு, ஏன் கையில் கண் இருக்கிறது என்று கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை பிறந்தது: கண்ணழகில் மயங்கினவனுக்கு அதைப் பிடுங்கியே அனுப்பிவிட்டாள் என்று. 1470களில் பிரான்செஸ்கோ தெல் கோசா வரைந்த லூசியாவைத் தேடிப் பாருங்கள். பூங்கொத்து பிடிப்பது போல ஒரு காம்பைப் பிடித்திருக்கிறாள், காம்பின் நுனியில் பூவுக்குப் பதிலாக இரண்டு கண். இரவில் பார்க்காதீர்கள்.

பொய்க்கதை என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அங்கே பாருங்கள், அந்த வயதான ஐயா கையில் வைத்திருப்பது தகட்டில் வெட்டிய ஒரு சோடிக் கண். நம்முடைய கோயில்களில் கண்மலர் வாங்கிச் சாத்துவோமே, அச்சு அசலாக அதேதான். வெட்டிய விதம்கூட அதேதான்.

அப்படியென்றால் எது உண்மை? கதையை எழுதினது அவள் செத்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. ஆனால் ஒரு கல் இருக்கிறது. 1894இல் தொல்லியலாளர் பவோலோ ஓர்சி இந்த ஊர் சான் ஜியொவான்னி நிலத்தடிக் கல்லறைகளில் கண்டெடுத்த கிரேக்கக் கல்வெட்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். எவுஸ்கியா என்ற பெண், ஏறத்தாழ 25 வயது, புருசனுக்கு நல்லவளாக வாழ்ந்தவள், 'என் தலைவி லூசியாவின் திருநாளில்' இறந்தாள், அந்தத் தலைவியைத் தகுந்தபடி புகழச் சொல் இல்லை. அவ்வளவுதான் அந்தக் கல்லில். லூசியா என்றொருத்தி இருந்தாள், நூறு வருடத்திலேயே அவளுக்கு ஒரு நாள் வைத்துக் கும்பிட்டார்கள் என்பதற்கு ஆதாரம், மனைவியைப் பறிகொடுத்த ஒருவன் எழுதிவைத்த துக்கம். மாடு இழுத்த கதையைவிட இது என்னை அதிகம் அசைத்தது. போன தடவை இங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்த்தேன். எழுத்துகள் நேர்கோட்டில் இல்லை, இடத்துக்கு இடம் நெருங்கிக்கொண்டு போகின்றன.

அசையாதவள் என்றேன் அல்லவா. செத்த பிறகு அவளை விட்டார்களா பாருங்கள். 1040ஐ ஒட்டி பைசாந்தியத் தளபதி ஜோர்ஜ் மனியாக்கஸ் உடலைக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டுபோனான். 1204இல் சிலுவைப் போர்க்காரர் அந்த நகரத்தைச் சூறையாடினபோது வெனிஸ்காரர் தங்களூருக்குத் தூக்கிப்போனார்கள். பிரான்சில் மெட்ஸ் என்ற ஊர், இல்லை, அவவின் திருப்பண்டம் எங்களிடம்தான் வந்தது என்று வேறொரு கதை சொல்லும். வெனிஸில் அவவுக்குக் கட்டின கோயிலை 1861இல் ரயில் நிலையத்துக்காக இடித்தார்கள். நிலையத்துக்கு மிஞ்சினது பெயர் மட்டும்: வெனேசியா சாந்தா லூசியா. நான் இரண்டு தடவை அதில் இறங்கியிருக்கிறேன், பெட்டியை உருட்டிக்கொண்டு ஆயிரம் பேர் இறங்குகிறார்கள், ஒருவரும் அவவை நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. உடல் பக்கத்தில் சான் ஜெரேமியா கோயிலில் இருக்கிறது. 1981 நவம்பரில் அங்கிருந்தும் ஆயுதக்காரர் வந்து உடலைத் தூக்கிப்போனார்கள். தலை கழன்று கோயிலிலேயே கிடந்ததாம். டிசம்பரில், திருநாளை ஒட்டி, உடல் கிடைத்தது.

ஐயோ, இங்கே வாசல் திறக்கிறது. பிறகு கதைக்கிறேன்.

சரி, உறவுகளே, இப்போது இரவு பத்தாகப் போகிறது. குரல் அடைத்துவிட்டது, மன்னியுங்கள். பின்னால் தெரிவது பொர்காத்தாப் பகுதியில் இருக்கிற சாந்தா லூசியா கல்லறைக் கோயில். ஒர்த்தீஜியாவிலிருந்து இங்கே நடந்தே வந்தோம். சாதாரண நாளில் அரை மணி நேரம் நடக்கிற தூரம், இன்று ஆறு மணி நேரத்துக்கு மேல்.

லூசியாவின் சொரூபம் பேராலயத்திலிருந்து வெளியே வந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், கை ஆடிவிட்டது. முழுக்க வெள்ளி, 1599இல் பியேத்ரோ ரீத்சோ செய்தது. வருடம் முழுக்கப் பேராலயத்தில் பூட்டி வைத்திருப்பார்கள், திருவிழாவுக்குத்தான் வெளியே எடுப்பது. தொண்டையில் ஒரு சின்னக் குத்துவாள் செருகியிருக்கிறது. அந்தப் பேராலயமும் விசேஷம்தான். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் அத்தேனாவுக்குக் கட்டின கோயில் அது. தடித்த கிரேக்கத் தூண்கள் இன்றைக்கும் சுவருக்குள் புதைந்து நிற்கின்றன. ஒரு கன்னித் தெய்வத்தின் வீட்டில் இன்னொரு கன்னி.

தூக்குகிறவர்கள் தலையில் பச்சைத் தொப்பி. மணி அடித்ததும் ஒரே மூச்சில் தோள் கொடுப்பார்கள், நாலடி வைப்பார்கள், இறக்குவார்கள். பக்கத்தில் பெண்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், கையில் முழங்கை நீள மெழுகுதிரி, நேர்த்திக்கடன். எனக்கு முன்னால் போன அம்மாவின் குதிக்காலில் மெழுகு சொட்டிச் சொட்டி உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அவ குனிந்து பார்க்கவே இல்லை. கொஞ்சத்துக்கொரு தடவை யாராவது 'சாராவுசானா ஜே!' என்று கத்துவார்கள், கூட்டம் முழுக்கத் திருப்பிக் கத்தும். அவள் சிராக்கூசாக்காரி என்று பொருள். எங்கள் ஊர்ப் பிள்ளை! உடலை வெனிஸ் வைத்திருக்கிற கோபம் அதில் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2004இலும் 2014இலும் அவவின் உடலை வெனிஸிலிருந்து சில நாள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். தங்கள் பிள்ளையைத் தாங்களே இரவல் வாங்கிக் கும்பிட வேண்டிய நிலை.

இந்தக் கோயிலில் உள்ள கல்லறை வெறுமையானது. இதற்கென்றே 1608இல், மால்டாவில் சிறையிலிருந்து தப்பி ஓடி வந்த கராவாஜோ ஒரு படம் வரைந்தான்: லூசியாவின் அடக்கம். படத்தில் முதலில் கண்ணில் படுவது அவள் இல்லை. முன்னால் இரண்டு குழிவெட்டிகள், மலை மாதிரி, ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு மண் வெட்டுகிறான். பின்னால் தரையில் சின்னதாக ஒரு பெண் கிடக்கிறாள். படத்தின் மேல் பாதி முழுக்க வெறும் சுவர். எவ்வளவு தங்கம் பூசினாலும் வராத ஒன்று அந்த வெறும் சுவரில் இருக்கிறது.

சாப்பாட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. இன்று பலெர்மோவில் பாண் இல்லை, பாஸ்தா இல்லை. 1646 பஞ்சத்தில் இதே திருநாளில் தானியக் கப்பல் வந்து சேர்ந்ததாம். பசியில் மாவாக அரைக்கப் பொறுமை இல்லாமல் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்களாம். அதன் நினைவாகக் 'குச்சியா', அவித்த கோதுமையில் இனிப்பான ரிக்கோத்தா என்ற பாலாடை போட்டுப் பிசைந்தது. கோதுமை ஒவ்வொன்றும் பல்லில் நெறுக்கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். பலெர்மோக்காரர் இதோடு நிறுத்துவார்களா, அரிசியை உருட்டிப் பொரித்த அரன்சீனாவை நாள் முழுக்கத் தின்பார்கள். விரதம் என்று பெயர்!

ஒன்று கேட்டிருந்தீர்கள், ஏன் சுவீடனிலும் லூசியா, தலையில் மெழுகுதிரிக் கிரீடம் வைத்துக்கொண்டு என்று. அதற்கு நாட்காட்டிதான் பாதிக் காரணம். பழைய யூலியன் நாட்காட்டி சூரியனோடு ஒத்துப்போகாமல் நழுவி நழுவி, 14ஆம் நூற்றாண்டளவில் வருடத்தின் நீண்ட இரவு டிசம்பர் 13ஐ ஒட்டி வந்து விழுந்தது. வடக்கே அந்த இருட்டுக்குள் ஒளி என்று பெயருள்ள பெண் போய் உட்கார்ந்துவிட்டாள். 1582இல் பாப்பரசர் கிரகோரி பத்து நாளை வெட்டி நாட்காட்டியைத் திருத்தினார், நீண்ட இரவு திரும்பப் போய்விட்டது. இங்கே சனம் இன்றைக்கும் 'சாந்தா லூசியா, இருக்கிறதிலேயே குட்டைப் பகல்' என்று பழமொழி சொல்கிறார்கள். சூரியனே வந்து போயிருக்கிறது, அவள் 13இல்தான் நிற்கிறாள்.

சொரூபம் உள்ளே போய்விட்டது. 20ஆம் தேதி வரைக்கும் இங்கே இருக்கும், பிறகு திரும்ப ஒர்த்தீஜியாவுக்கு ஊர்வலம். நான் நிற்க முடியாது, விடிய பஸ். அந்த நத்தைக் கண் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. அம்மா கொஞ்சம் முன் வாட்ஸ்அப்பில் கேட்டா, 'வாங்கினியா, எந்தப் பக்கம் மேலே வைக்க வேண்டும்?' செம்மஞ்சள் பக்கமா சுருள் பக்கமா என்று அந்த வண்டிக்காரரிடம் நான் கேட்கவில்லை. காலையில் பஸ் நிலையத்தில் யாராவது விற்றால் கேட்டுச் சொல்கிறேன்.