விழுந்த தன்னம்பிக்கையை எங்கயிருந்து கட்டத் தொடங்கிறது?

[காட்சி: காலை. யாழ்ப்பாணத்து வீடு ஒன்று. படலை சாத்தியிருக்கிறது.]

வணக்கம்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, கம்பஸ் போக இசட் ஸ்கோர் எண்ட புள்ளி போதாமல் போன பிள்ளை, வெளிநாட்டுக்கெண்டு வெளிக்கிட்டுத் திரும்பி வந்த பெடியன், பேசி முடிச்ச சம்பந்தம் குழம்பின பிள்ளை. இவையள் எல்லாருக்கும் நடக்கிறது ஒண்டுதான். முதல்ல ஒரு கலியாண வீட்டுக்குப் போகாமல் விடுவினம். பிறகு கோயிலுக்கு. கடைசியில சந்திக் கடைக்கும் தம்பிதான் போவான். "இப்ப என்ன செய்யிறீர்?" எண்டு ஆரும் கேட்டுப்போடுவினமோ எண்ட பயம்.

வெளிய போகாட்டில் குளிப்பு பிந்தும், சாப்பாடு நேரம் தவறும், இரவு ரெண்டு மணிவரைக்கும் ஃபோன். "மனசு சரிவரட்டும், பிறகு எல்லாம் செய்வம்" எண்டு இருந்திடுறம். எனக்கெண்டால் இந்த ஒழுங்கையே மாத்திப் போட வேணும். மனசு சரிவாறதுக்காகத்தான் முதல்ல செய்ய வேணும்.

[திரையில்: ஆல்பர்ட் பண்டுரா, 1977]

"என்னால ஏலும்" எண்ட எண்ணம் எங்கயிருந்து வருது எண்டு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதினார். நாலு வழி சொன்னார். எங்களைப்போல ஒராள் செய்து முடிக்கிறதைப் பாக்கிறது ஒண்டு. மற்றவை தாற ஊக்கம் இன்னொண்டு. ஆனால் எல்லாத்திலயும் பலமானது, தானே ஒண்டைச் செய்து முடிச்ச அனுபவம். அதாலதான் "கவலைப்படாதை, நீ கெட்டிக்காரி" எண்டு எத்தினை தரம் சொன்னாலும் பிள்ளைக்கு உள்ளுக்குப் போகாது.

நாலாவது வழியை நாங்கள் கவனிக்கிறதே இல்லை. அது உடம்பு. நித்திரை காணாமல், காலைச் சாப்பாடும் இல்லாமல், வெறும் பிளேன்டீயோட ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போறீங்கள் எண்டு வையுங்கோ. நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது. அது பசியும் களைப்பும். நாங்கள் விளங்கிக்கொள்ளுறது "எனக்குத் தகுதி இல்லை" எண்டு. பெரியாக்களுக்கு இரவில குறைஞ்சது 7 மணித்தியால நித்திரை வேணும் எண்டு வைத்தியர்கள் சொல்லுறது இதுக்கும் சேர்த்துத்தான்.

[காட்சி: கிணற்றடி. வாளி, சவர்க்காரம், கொடியில் துவாய்.]

அப்ப எங்க தொடங்கிறது? கிணத்தடியில தொடங்குங்கோ. விடியக் காலமை, வெயில் ஏற முதல், நாலு வாளி தண்ணி வார்த்துக் குளியுங்கோ. தலையைத் துவட்டி, தோய்ச்சு மடிச்சு வைச்ச உடுப்பை எடுத்துப் போடுங்கோ. ஒருத்தரும் வீட்டுக்கு வரப்போறதில்லை எண்டாலும் போடுங்கோ. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைச்சு முழுகுங்கோ. அதை அழகுக்காக எண்டு நினைக்காதேங்கோ. "இண்டைக்கு இதைச் செய்வன்" எண்டு உங்களுக்கே ஒரு சொல்லுக் குடுத்து, அதைக் காப்பாத்துறீங்கள். பண்டுரா சொன்ன அந்தச் செய்து முடிச்ச அனுபவம் இந்த அளவிலயே கிடைக்கும்.

பிறகு சைக்கிளை எடுங்கோ. பின்னேரம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் காத்து நல்லா வீசும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு கிழமைக்குக் குறைஞ்சது 150 நிமிட உடற்பயிற்சி. முதல் கிழமை படலை தாண்டி ஒழுங்கை முடக்குமட்டும் போய்வந்தாலும் காணும்.

ஒருநாள் விட்டுப்போனால்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில 96 பேரை வைச்சுச் செய்து, 2010இல் வெளிவந்த ஆய்வு ஒண்டு இருக்கு. ஒரு புதுப் பழக்கம் தானா வாறதுக்கு நடுமட்டமா 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும். இடையில ஒருநாள் தவறினது பழக்கத்தைக் குழப்பேல்லை. அதால விட்ட நாளைக் கணக்குப் பாக்காமல் அடுத்தநாள் தொடருங்கோ.

[காட்சி: குசினி. புட்டுக் குழல், சம்பல் கிண்ணம்.]

அம்மாமாருக்கு ஒண்டு சொல்ல வேணும். எல்லாருக்கும் புட்டு அவிச்சுக் குடுத்து, கடைசியில குசினிக்குள்ள நிண்டபடியே, அடியில கிடக்கிற ஆறின புட்டை வாயில போட்டு முடிக்கிறீங்கள். வருசக்கணக்கா அப்பிடிச் செய்தால், தனக்கெண்டு ஒரு கோப்பை வைக்கிறதே குற்றம்போலத் தெரியும். தயவுசெய்து நாளைக்கு உங்கட கோப்பையில முதல்ல போட்டு மூடி வையுங்கோ. பிறகு கதிரையில இருந்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ. பிள்ளையளும் அதைப் பாத்துத்தான் பழகும்.

இனி ஆக்கள் கேக்கிற கேள்வி. அதை நிப்பாட்ட ஏலாது. ஒரு வசன மறுமொழியை வீட்டிலயே ஆயத்தமா வைச்சிருங்கோ: "இப்ப ஒரு கோர்ஸ் பாத்துக்கொண்டிருக்கிறன் மாமி, நீங்கள் எப்பிடிச் சுகம்?" விளக்கம் குடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

[திரையில்: 1926]

ஆனால் ரெண்டு கிழமைக்கு மேல ஒண்டிலயும் விருப்பம் இல்லை, நித்திரை இல்லை, உயிரோட இருக்கவே மனமில்லை எண்டால் குளிப்பும் நடையும் மட்டும் காணாது. உயிரை விட எண்ணம் வந்தால் ரெண்டு கிழமை பாத்திருக்க வேண்டாம், உடனே உதவி கேளுங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசு கட்டத் தேவையில்லை. தனியப் போகத் தயக்கம் எண்டால் நம்பிக்கையான ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.