சிக்குன்குனியா நம் செல்லுக்குள் கட்டும் அறை

(தொண்டியில் கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்கள் பலருக்கு 2006 ஞாபகம் இருக்கும், சிக்குன்குனியா வந்த வருஷம். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும், ஆனால் மூட்டுவலி மாதக்கணக்கில் விடாது. காலையில் கால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள், விரல் மடங்காததால் வலை இழுக்கப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவர்கள் எத்தனை பேர்! நம் கரையில் நல்ல தண்ணீர் என்றைக்கும் பஞ்சம்தான், அதனால் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம், சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். அதன் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

சரி, கொசு கடித்தாகிவிட்டது, கிருமி உள்ளே போய்விட்டது. அப்புறம்? "பெருகுகிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எங்கே, எப்படிப் பெருகுகிறது என்பதைத்தான் நான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இந்த வைரஸ் கொண்டுவரும் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., ஏறக்குறைய 12,000 எழுத்து நீளம். அதை நகலெடுக்கும்போது இழையும் எதிரிழையும் சேர்ந்து இரட்டை இழையாக நிற்கும், வைரஸுக்கு ஆபத்தே அங்கேதான். நம் செல்லின் உள்நீரில் அவ்வளவு நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. சாதாரணமாக இருக்காது. அப்படி ஒன்று தட்டுப்பட்டால் எம்.டி.ஏ.5 போன்ற காவல் புரதங்கள் கண்டுகொண்டு தகவல் கொடுக்கும், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கும், பக்கத்துச் செல்களும் உஷாராகிவிடும். அதனால் திறந்த வெளியில் அது வேலை பார்ப்பதில்லை. மீன் பாடு உள்ள இடத்தில் நம் ஆட்கள் வாடி போட்டுத் தட்டுமுட்டுச் சாமான், ஆள், சரக்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்வதைப்போல, இதுவும் நம் செல்லின் சவ்வை வளைத்தே தனக்கு ஓர் அறை போட்டுக்கொள்கிறது. மறைவும் கிடைக்கிறது, வேலையும் வேகமாக நடக்கிறது.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், எனக்கு இதில் பெரிய ஆச்சரியமே அதன் வாசல்தான். செல்லின் வெளிச்சவ்வில் சின்னச் சின்னக் குமிழ்கள் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர், குமிழின் அகலம் அதில் 50 முதல் 80 வரை. இரட்டை இழை உள்ளே சுருண்டு கிடக்கும். செல்லின் உட்பக்கம் பார்த்து ஒரு குறுகிய கழுத்து, அந்தக் கழுத்தில் என்.எஸ்.பி.1 என்ற வைரஸ் புரதம் சரியாக 12 பிரதிகளாக வட்டம் கட்டி, கிரீடம்போல உட்கார்ந்திருக்கிறது. உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வட்டத்தின் அமைப்பைத் தெளிவாகப் பார்த்தது 2021-ல்தான். நகலெடுக்கும் புரதமான என்.எஸ்.பி.4 வட்டத்தின் நடுவில் இருப்பது அடுத்த வருஷம் தெரியவந்தது. புது இழையின் முனையில் தொப்பி மாட்டுவதும் வாசலில் நிற்கும் அதே என்.எஸ்.பி.1தான். தொப்பி இருந்தால் நம் செல் அதைத் தன் சொந்தச் சரக்கு என்று நம்பி, வைரஸுக்கு வேண்டிய புரதத்தையெல்லாம் செய்து கொடுத்துவிடும்.

இன்னொன்று. இதே குடும்பத்து செம்லிக்கி காட்டு வைரஸில் ஆர்.என்.ஏ.வைக் குட்டையாக்கிப் பார்த்தார்கள், குமிழும் சின்னதாகிவிட்டது. அறையின் அளவை உள்ளே இருக்கும் இழையின் நீளமே தீர்மானிக்கிறது!

எல்லா வைரஸும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. டெங்கு வெளிச்சவ்வுப் பக்கம் போகாது, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வை உள்நோக்கிக் குழித்துக்கொள்ளும். கொரோனா அதே வலைச்சவ்வை எடுத்து இரட்டைச் சுவர் வைத்த பையாக்கிவிடும். முழுக்க மூடிய பைக்குள்ளிருந்து புது ஆர்.என்.ஏ. எப்படி வெளியே வருகிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2020-ல் எலிக் கொரோனா வைரஸில்தான் பதில் கிடைத்தது: இரண்டு சுவரையும் துளைத்து நிற்கும் ஒரு புரதத் துவாரம்.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி எழுந்து, "அந்த அறையை இடிக்க மருந்து இல்லையா, சார்?" என்று கேட்டது. நல்ல கேள்வி. டெங்குவில் அந்தத் திசையில் வேலை நடக்கிறது. என்.எஸ்.3, என்.எஸ்.4பி என்ற இரண்டு வைரஸ் புரதங்கள் சேர்வதைத் தடுக்கும் ஒரு மூலக்கூறைப் பற்றி 2021-ல் ஆய்வு வந்தது, டெங்குவின் நான்கு வகைக்கும் எதிராக அது வேலை செய்தது. பிறகு பார்த்தபோது அது புது அறை கட்டுவதைத்தான் நிறுத்துகிறது, ஏற்கெனவே கட்டி முடித்ததை அது தொடுவதில்லை என்று தெரிந்தது. ஆகவே இப்படிப்பட்ட மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். சிக்குன்குனியா கட்டும் இடமும் வேறு, கட்டும் புரதமும் வேறு, அதனால் டெங்கு மருந்து அதற்கு உதவாது, அந்த 12 பேர் வட்டத்தைக் கலைக்கும் மருந்தைத் தனியாகத்தான் தேட வேண்டும் தங்கச்சி.