கஷ்டம் எல்லாருக்கும்தான், கை கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, பாடகரை உருவாக்குவது பட்ட கஷ்டமா, கைகொடுத்தவர்களா என்பது தலைப்பு. எதிரணித் தோழர் அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனைக் காட்டி, அவர் வளர்ந்த க்ளீவ்லேண்ட் நகரின் வறுமையும் அடியும் இல்லையென்றால் அவருடைய பாட்டே இல்லை என்றார். சரி, அவர் சொன்ன கஷ்டம் எதையும் நான் மறுக்கவில்லை. நாலு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தாயிற்று, அம்மா ஒற்றை ஆளாக இரண்டு பெண்களை வளர்த்தார், கறுப்பினப் பிள்ளை என்பதற்காகவே ட்ரேசி அடிவாங்கினார். ஆனால் அதே ஊரில், அதே வருஷங்களில், அதே அடியை வாங்கிய மற்ற பிள்ளைகளின் பாட்டெல்லாம் எங்கே ஐயா?

கையில் காசில்லாத அந்த அம்மா மூன்று வயது மகளுக்கு சின்னக் கிடார் போன்ற ஒரு யுகுலேலே வாங்கிக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. எட்டு வயதில் கிடாரும் வந்தது, சொந்தப் பாட்டும் வந்தது. அப்புறம் உதவித்தொகையில் கனெக்டிகட்டின் வூஸ்டர் பள்ளிக்குப் போனார், அங்கே பள்ளியின் பாதிரியார் நாலு பேரிடம் பணம் வசூலித்து இந்தப் பெண்ணுக்கு ஒரு புதுக் கிடார் வாங்கிக் கொடுத்தார். யாரோ பெற்ற பிள்ளைக்காக ஒரு மனிதர் கையேந்தியிருக்கிறார், எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்துக்கொண்டே பக்கத்து ஊரின் ஹார்வர்ட் ஸ்கொயர் என்ற கடைவீதிச் சதுக்கத்தில், தெருவோரத்தில் பாடினார். உடன் படித்த ப்ரையன் காப்பில்மேன் அதைக் கேட்டு, இசைத்துறையில் பெரிய ஆளான தன் அப்பாவிடம் சொல்ல, அந்த வழியாக எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனம் கிடைத்தது, 1988-இல் முதல் ஆல்பமும் வந்தது. அதே வருஷம் ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கான இசை விழா. அடுத்துப் பாடவேண்டிய பிரபல பாடகர் ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்கான ஹார்ட் டிஸ்க் காணாமல்போக, அந்த இடைவெளியில், முன்பே பாடி முடித்திருந்த ட்ரேசி மறுபடி மேடையேறி ஒற்றைக் கிடாரோடு 'ஃபாஸ்ட் கார்' பாடினார், உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பாட்டில் இருப்பது வறுமைதானே என்பார்கள். ஆமாம், வறுமைதான். அதில் வரும் பெண் குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டுவிடுகிறாள், எவ்வளவு உழைத்தும் அவளால் வெளியே வரமுடியவில்லை. எழுதிய ட்ரேசியின் படிப்போ நிற்கவில்லை, நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். கஷ்டம் இரண்டு பேருக்கும் உண்டு, ஒருத்தி மட்டும் கரையேறியது எப்படி என்று எதிரணி பதில் சொல்லட்டும்.