கழுதையின் காலடி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 63. கிரேக்க நாட்டில் கேயா என்றொரு தீவு இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் ட்ஸியா என்பார்கள். பழைய காலத்தில் அங்கே பிறந்திருந்தால் நான் இப்போது இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. 60 வயதைத் தாண்டியவர்கள் ஹெம்லாக் என்ற நச்சுச் செடியின் சாற்றைக் குடித்துவிட வேண்டும் என்று அந்தத் தீவில் ஒரு சட்டம் இருந்ததாம். ஸ்டிராபோ என்ற பழைய கிரேக்கப் புவியியல் அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். சாக்ரடீஸுக்குக் கொடுத்தார்களே, அதே செடிதான். இருக்கிற தானியம் மற்றவர்களுக்குப் போதவேண்டும், அதுதான் காரணம். இதைப் படித்துச் சொன்ன என் மகள், "அப்பா, உங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்" என்றாள். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனாள்.

போன மே மாதம் நானும் என் மனைவியும் மகளும் அங்கே நான்கு நாள் இருந்தோம். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் சாலை போட்டுச் சம்பளம் வாங்கியவன். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் தரையைக் குனிந்து பார்ப்பது என் வழக்கம். அதனால் கோயில், கடற்கரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பாதையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் லாவ்ரியோ துறைமுகம். அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரம். டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக், மருத்துவக் கப்பலாக ஓடிக்கொண்டிருந்தபோது 1916 நவம்பரில் மூழ்கியது இந்தத் தீவை ஒட்டிய கடலில்தான். அதையும் மகள்தான் சொன்னாள், கப்பல் புறப்பட்ட பிறகு.

கொரிஸ்ஸியா என்ற துறையில் இறங்கி மேலே ஏறினால் யூலிதா. தீவின் தலைநகர். கிரேக்கத் தீவு என்றதும் காலண்டரில் பார்க்கிற வெள்ளைப் பெட்டி வீடுகள் நினைவுக்கு வரும். இங்கே ஓட்டுக்கூரை. மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள். ஊருக்குள் வண்டி போகாது. சந்துகள் வளைந்து, படியாகி, சில இடங்களில் வீடுகளுக்கு அடியிலேயே புகுந்து போகின்றன. சிமெண்டு மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு கோவேறு கழுதை எதிரே வந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. போகிற வழி அதற்கு உரியது என்ற தோரணை.

ஊரின் எல்லையிலிருந்து கால் மணி நேரம் கல்பாதையில் நடந்தால் ஒரு சிங்கம் படுத்திருக்கிறது. மலையில் கிடந்த ஒற்றைப் பாறையை அப்படியே சிங்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். நீளம் சுமார் 6 மீட்டர், வயது ஏறக்குறைய 2,600 ஆண்டு. மழையும் காற்றும் தேய்த்துத் தேய்த்துப் பிடரி, நகம் எல்லாம் மழுங்கிப்போய்விட்டன. வாய் மட்டும் மிச்சம். அந்த வாய் சிரிக்கிறது. உறுமல் இல்லை, சிரிப்புத்தான். விருந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியவர் சிரிப்பதுபோல. இந்தத் தீவில் ஒரு காலத்தில் நீர்த்தேவதைகள் இருந்ததாகவும், ஒரு சிங்கம் வந்து அவர்களை விரட்டிவிட்டதாகவும் கதை. விரட்டின முகமாகத் தெரியவில்லை.

சரி, பாதைக்கு வருகிறேன்.

கிரேக்க மொழியில் இந்தக் கல்பாதைக்குக் கல்தெரிமி என்று பெயர். துருக்கியிலிருந்து வந்த சொல். தார்ச்சாலை வருவதற்கு முன் தீவு முழுவதும் இதுதான் சாலை. ஊரிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து சிறு கோயிலுக்கு, அங்கிருந்து துறைக்கு. இவற்றில் சில பாதைகளின் தடம் கிறிஸ்துவுக்கு முந்தியது. பழைய கேயாவில் நான்கு தனித்தனி நகர அரசுகள் இருந்தன: யூலிஸ், கார்த்தேயா, கொரேசியா, பொயேசா. இத்தனூண்டு தீவுக்கு நான்கு அரசு! அவற்றை இணைத்த வழிகள்தான் பின்னால் விவசாயிகளின் வழிகளாயின.

மூன்றாம் நாள் கார்த்தேயாவுக்கு நடந்தோம். அந்த இடிந்த நகரத்துக்கு இன்றும் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் நடக்கவேண்டும். ஸ்டவ்ருதாக்கி என்ற இடம்வரை டாக்சி. மூன்று மணிக்கு வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டு இறங்கினோம். "கலோ த்ரோமோ" என்றார் டாக்சிக்காரர். நல்ல பாதையாக அமையட்டும் என்று பொருளாம். வழியனுப்புவதற்கு அங்கே அதுதான் வார்த்தை. ஒரு சாலைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வாழ்த்து வேண்டும்.

பாதை இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே இறங்குகிறது. அகலம் இரண்டு ஆள் இடிக்காமல் நடக்கும் அளவு. சரியாகச் சொன்னால், இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் ஒரு கழுதை சுவரில் உரசாமல் போகும் அளவு. அந்த ஊர்ப் பாறை ஏடு ஏடாகப் பிளக்கும், நம் கடப்பைக் கல்லைப்போல. சிஸ்ட் என்பார்கள். பலகையாகக் கிடைக்கிற கல்லைப் படுக்கவைத்துப் பாவியிருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. நாலைந்து அடிக்கு ஒரு வரிசை, பாதைக்குக் குறுக்கே, கல்லைச் செங்குத்தாக நிறுத்திப் பதித்திருக்கிறது. அது தரையைவிட நாலு விரற்கடை உயர்ந்து நிற்கிறது.

மகள் இரண்டுமுறை அதில் தடுக்கிக்கொண்டாள். "படி என்றால் ஒழுங்காகப் படி வைக்கவேண்டியதுதானே அப்பா?" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். களைப்பினால் இல்லை. கைக்குட்டையை விரித்து நீளத்தை அளந்தேன். அவள் சொன்னது சரிதான், மனிதனின் காலடிக்கு அது ஒத்துவராது. ஓர் எட்டுக்கு நீளம் அதிகம், இரண்டு எட்டுக்குக் குறைவு. நான்கு கால் பிராணி, முதுகில் சுமையோடு, சரிவில் இறங்கும்போது எப்படிக் கால் வைக்கும் என்று பார்த்துப் போட்ட கணக்கு அது. முன்னங்கால் குளம்பு நிறுத்திய கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும், வழுக்காது. அந்தக் கல்லே மேலே பாவியிருக்கும் கற்கள் சரிந்து ஓடாமல் தாங்கிப் பிடிக்கும். அப்புறம் மூன்றாவதாக ஒரு வேலை. சில வரிசைகள் நேர்க்குறுக்காக இல்லை, சற்றே சாய்வாகப் போகின்றன. மழைத்தண்ணீர் பாதையோடு ஓடி வேகம் பிடிப்பதற்கு முன்னால் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரே கல்லுக்கு மூன்று வேலை. சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது.

சுவரும் அப்படித்தான். பூச்சு இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்துக் கட்டியது. இந்தக் கட்டுமானக் கலையை யுனெஸ்கோ 2018இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரீஸ், சைப்ரஸ், குரோவேஷியா, இத்தாலி என்று எட்டு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கின. எனக்கு இந்தச் சுவரைப் பார்த்ததும் ஒரு பழைய வெட்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாறு ஆண்டுக்குள், ஒரு மலைச்சாலையில் என் மேற்பார்வையில் ஒரு தாங்குசுவர் கட்டினோம். நல்ல கலவை, நல்ல கனம், பார்க்க ஜம்மென்று இருந்தது. மண்ணுக்குள் சேரும் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் என்று சிறு ஓட்டைகள் விடவேண்டும். விட்டோம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் சல்லி நிரப்பினார்களா என்று நான் இறங்கிப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் மண் ஊறி, ஓட்டை அடைத்து, சுவர் ஒரே இரவில் வயிறு தள்ளிக் கீழே போய்விட்டது. சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண் அல்ல, மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர். ஏட்டில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கேயாவில் ஓட்டை தனியாக விடவேண்டிய தேவையே இல்லை. சுவர் முழுவதும் ஓட்டைதான். தண்ணீர் வருகிறது, போகிறது, சுவர் நிற்கிறது. எப்போதாவது நாலு கல் சரிந்தால், விழுந்த கல்லையே எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம்.

என் மனைவிக்கு இதில் எல்லாம் ஆர்வமில்லை. ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றத் தீவுகள் மொட்டையாகக் கிடக்க, கேயாவில் பெரிய பெரிய ஓக் மரங்கள். கீழே கிடந்த ஒரு காய்க்கிண்ணத்தை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே கொட்டை இல்லை. வெளியே சுருள் சுருளாகச் செதில். காய்ந்து கனமே இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் இதை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள், தோல் பதனிட. நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே இந்தக் கிண்ணம் செய்தது. பிறகு ரசாயனம் வந்தது, வியாபாரம் படுத்தது. இந்தப் பாதையில் கழுதை சுமந்த சுமையில் பாதி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேர இறக்கத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கு விரிந்து கடல் தெரிந்தது. கார்த்தேயா. மேட்டில் அப்பல்லோ கோயிலின் அடித்தளம், அதற்கும் மேலே ஏதீனா கோயில், கீழே சரிவில் ஒரு சிறு அரங்கம். இரண்டு கோயில்களும் சுமார் 2,500 ஆண்டுக்கு முந்தியவை. 1811இல் டென்மார்க்கிலிருந்து வந்த புரோன்ஸ்டெட் என்ற அறிஞர் இங்கே அகழ்ந்து பார்த்தார். அன்றைக்கு எங்களைத் தவிர அங்கே இருந்தவை ஆறேழு ஆடுகள்.

இங்கேதான் சிமோனிடீஸ் வருகிறார். கிரேக்கத்தின் பெருங்கவிகளில் ஒருவர், யூலிஸில் பிறந்தவர். அவர் கார்த்தேயாவில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாராம். பயிற்சிக்கூடம் மேலே, அப்பல்லோ கோயில் பக்கம். தண்ணீர் ஊற்றோ கீழே. ஒரு கழுதைதான் தண்ணீரை மேலே சுமந்து வரும். அந்தக் கழுதைக்கு எப்பேயோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் அந்த எப்பேயோஸ்? டிராய் நகரத்தைப் பிடிக்கக் கிரேக்கப் படை பயன்படுத்திய மரக்குதிரையைச் செய்தவன். படையில் அவன் அரசர்களுக்குத் தண்ணீர் சுமந்த கதை அந்தக் கோயிலில் சித்திரமாகவே இருந்ததாம். குதிரை செய்தவன் பெயரைக் கழுதைக்கு வைத்த குறும்பை நான் மிகவும் ரசித்தேன். விஷயம் இதோடு முடியவில்லை. குறித்த நேரத்துக்கு வந்து பாடாதவர்கள் அபராதமாக ஒரு கொயினிக்ஸ் வாற்கோதுமை கொடுக்கவேண்டும். கொயினிக்ஸ் என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கொள்ளும் படி. கொடுக்கவேண்டியது கவிஞருக்கு இல்லை, கழுதைக்கு. 'சிள்வண்டின் பரிசை விரும்பாதவன் எப்பேயோஸுக்குப் பெருவிருந்து வைப்பான்' என்று சிமோனிடீஸ் இதை ஒரு விடுகதையாகவே போட்டுவிட்டார். சிள்வண்டு என்றது பாட்டை, பெருவிருந்து என்றது அந்த வாற்கோதுமையை. கேட்டவர்கள் மண்டையைச் சொறிந்திருப்பார்கள்.

இந்தக் கதையை அரங்கத்தின் கல்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தின்றபடி, நான் என் வீட்டாருக்குச் சொன்னேன். கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். பிறகு அப்பல்லோ கோயில் மேடையைத் தாங்கும் சுவரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பெரிய பெரிய பாளங்கள். ஒரு பக்கம் மலைப்பாறையையே வெட்டிச் சுவரோடு சேர்த்திருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தடவிக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தாயும் மகளும் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

ஏற்றம் கடினம். மே மாதம்தான் என்றாலும் பள்ளத்தாக்கில் காற்று இல்லை. முதல் அரை மணி நேரம் மனிதனைப்போல ஏறிப் பார்த்தேன். வலது முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. அப்புறம் அளந்து பார்த்த அந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பாதி எட்டு, நிறுத்திய கல்லில் ஒரு கால், மறுபடியும் இரண்டு பாதி எட்டு. அவசரப்படாமல், தலையைத் தொங்கவிட்டு. அப்படிப் போனதும் மூச்சு சீரானது. முழங்காலும் சரி என்று ஒப்புக்கொண்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். டாக்சிக்காரர் மரநிழலில் கதவைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். என் மனைவி மட்டும் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் புட்டியை நீட்டிவிட்டு, "என்னங்க, ஒரு படி வாற்கோதுமை எடுத்து வையுங்க" என்றாள்.

நன்றி, நேயர்களே. வணக்கம்.