கடைசி ரீல்ல சத்தம் இல்ல

(எங்க ஊர் நூலக வாசகர் வட்டம் நடத்துற மாசாந்திர திரையிடல்ல நான் பேசினது. போன்ல ரெக்கார்ட் ஆனதைக் கேட்டு அப்படியே டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏத்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களுக்கு, இந்த ஹாலை வாடகை வாங்காம குடுத்திருக்கிற நூலகர் அம்மாவுக்கு, வார்டுல தண்ணிப் பிரச்சனை ஓடிக்கிட்டிருக்கும்போதும் நேரம் ஒதுக்கி வந்த கவுன்சிலர் அக்காவுக்கு, புரொஜெக்டர் தந்த ஸ்டூடியோ அண்ணனுக்கு, சாயங்காலம் 4 மணியில இருந்து ஒயர் இழுத்துக்கிட்டு இருக்கிற மைக் செட் தம்பிக்கு, டீயும் சுண்டலும் ஏற்பாடு பண்ண மகளிர் குழு அக்காமார்களுக்கு, முன்னாடி பாய்ல உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு, எல்லாருக்கும் என் வணக்கமும் நன்றியும். தலைமையாசிரியர் அய்யாகிட்டதான் நான் எட்டாவது வரைக்கும் வரலாறு படிச்சேன், வகுப்புல நோட்டு தொலைச்சிட்டு அழுதா அய்யா ஒரே வார்த்தைதான் சொல்லுவார், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்குன்னு. அந்தப் பழமொழியைத்தான் இன்னைக்கு நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன், அய்யா மன்னிக்கணும், அவர் குடுத்ததுதான்.

நோட்டீஸ்ல கொரியாவில் பெண்கள் இயக்கிய படங்கள்னு போட்டிருக்கு. நாலு விஷயம் பேசலாம்னு குறிச்சிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, முதல் படம் எடுத்த அம்மா. ரெண்டு, இரண்டாவதா எடுத்தவங்க, அவங்க படம் தொலைஞ்சு கிடைச்ச கதை. மூணு, 2001ல ஜனங்களே ஒரு படத்தைக் காப்பாத்தினது. நாலு, இப்ப எடுக்கிற இளம் இயக்குநர்கள். கொரியான்னா இங்க இருக்கிற காலேஜ் பிள்ளைங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சீரியல் எல்லாம் என்னைவிட அவங்கதான் அதிகம் பார்க்கிறாங்க, ஆஸ்கார் வாங்கின பாராசைட்டும் தெரியும். ஆனா அந்த நாட்டுல முதல் முதலா கேமராவுக்குப் பின்னாடி நின்ன பொம்பள யாருன்னு கேட்டா தெரியாது. எனக்கும் சில வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

அவங்க பேரு பார்க் நாம்-ஓக். 1923ல பிறந்தவங்க. சின்ன வயசுல குண்டு எறியிற வீராங்கனை, தேசியப் போட்டியில எல்லாம் ஜெயிச்சவங்க. சினிமான்னா அப்படி ஒரு பைத்தியம், பத்திரிகையில வேலை பாத்தாங்க, சினிமா கம்பெனியில வேலை பாத்தாங்க, கொரியப் போர் நடக்கும்போது செய்திப்படம் எடுக்கிற குழுவுல இருந்தாங்க. போர் 1953ல நின்னுச்சு. சியோல் நகரம் பாதி இடிஞ்சு கிடக்கு, வீட்டுக்கு வீடு புருஷனைப் பறிகொடுத்தவங்க. அந்த நேரத்துல இந்தம்மா போரில் புருஷனை இழந்த ஒரு பொண்ணைப் பத்தி படம் எடுக்கணும்னு முடிவு பண்றாங்க. யார் பணம் போடுவாங்க? கூடப்பிறந்த அக்கா போட்டாங்க. கம்பெனிக்குப் பேரே சகோதரிகள்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சாங்க. காசு பத்தாது, அதனால 35 எம்எம் இல்ல, 16 எம்எம் பிலிம்ல எடுத்தாங்க.

இதுல என்னன்னா, 1954ல அவங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கு, பொம்பளப்பிள்ளை. பார்த்துக்க ஆள் கிடையாது. என்ன பண்ணாங்க? பிள்ளையை முதுகுல துணியால கட்டிக்கிட்டாங்க. கட்டிக்கிட்டு ஷூட்டிங் போயிட்டாங்க. நீங்க கொஞ்சம் மனசுல நெனச்சுப் பாருங்க, தெருவுல கேமரா நிக்குது, நடிகர்கள் நிக்கிறாங்க, லைட் பிடிக்கிறவன் நிக்கிறான், எல்லாரும் ஆம்பளைங்க, நடுவுல ஒரு அம்மா முதுகுல கைக்குழந்தையோட நின்னு ஷாட் சொல்றாங்க. பிள்ளை அழுதா என்ன பண்ணியிருப்பாங்க, பால் குடுக்கணும்னா எங்க போயிருப்பாங்க, இங்க இருக்கிற அக்காமார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, களையெடுக்கப் போன இடத்துல மரத்துல தூளி கட்டினவங்க நீங்க. அதோட முடியல. யூனிட்டுக்கு சாப்பாடு வாங்கிப் போட காசு இல்ல, அதனால காலையில எந்திரிச்சு அத்தனை பேருக்கும் இவங்களே சோறு பொங்கினாங்க. சோத்தை ஆக்கிப் போட்டுட்டு, பாத்திரத்தைக் கவுத்துட்டு, பிள்ளையை முதுகுல ஏத்திக்கிட்டு, அப்புறம் போய் டைரக்ஷன். பிள்ளையை முதுகுல கட்டின அந்த கோலத்துல அவங்க ஒரு போட்டோ இருக்கு, வாசல்ல ஒட்டியிருக்கோம், போகும்போது ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போங்க.

படம் முடிஞ்சுது. சத்தம் சேர்க்கணும், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போறாங்க. வருஷப் பிறப்பு சமயம். அங்க என்ன சொன்னாங்க தெரியுமா, வருஷ ஆரம்பத்துல பொம்பள எடுத்த படத்துக்கு வேலை செய்ய முடியாதுன்னுட்டாங்க. முதல் போணியே பொம்பள படமான்னு. அவங்க விடல, நடையா நடந்து, கெஞ்சி, மன்றாடி அந்த சத்தத்தை வாங்கினாங்க. சத்தம் அவங்களுக்கு சும்மா கிடைக்கல, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

1955ல ரிலீஸ். தியேட்டர்ல சில நாள்தான் ஓடுச்சு. அவ்வளவுதான், அந்தம்மா அதுக்கப்புறம் படமே எடுக்கல. ஒரு பதிப்பகத்துல வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் அங்கயே இருந்தாங்க, பின்னாடி அமெரிக்காவுக்குப் போயிட்டாங்க. 1997ல சியோல்ல பெண்கள் திரைப்பட விழா முதல் தடவையா நடக்குது, அப்பதான் இந்தப் படத்தை எடுத்து போட்டாங்க. 42 வருஷம் கழிச்சு! 2017ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல காலமானாங்க. இப்ப அந்த விழாவுல அவங்க பேர்ல ஒரு விருதே குடுக்கிறாங்க.

படத்தோட கொரியப் பேரு மிமாங்கின். விதவைன்னு அர்த்தம், ஆனா எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தா "இன்னும் சாகாத ஆள்". புருஷன் போயிட்டான், இவ இன்னும் போகல, அதுதான் பேரு. (ஹால்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.) இந்த வார்த்தையைத் தலைப்பா வெச்சுட்டு அந்தம்மா காட்டுறது என்னன்னா, அந்தப் பொண்ணு சாகவும் இல்ல, சாமியாராவும் இல்ல, ஆசைப்படுறா. கையில ஒரு பெண் குழந்தை, உதவி பண்ற பணக்காரர் ஒருத்தர், அவரோட பொண்டாட்டிக்கு சந்தேகம், இதுக்கு நடுவுல ஒரு சின்ன வயசுப் பையன் மேல இவளுக்குக் காதல். காதலுக்காகப் பிள்ளையை வேற வீட்டுல கூட விடுறா. படம் அவளைத் திட்டவே இல்ல. 1955ல. என் பார்வையில அதுதான் பெரிய தைரியம், முதுகுல பிள்ளையைக் கட்டிக்கிட்டு நின்னவங்க பிள்ளையை விட்டுட்டுப் போற ஒருத்தியைப் படம் எடுத்து, அவளைக் குத்தவாளியாக்காம விட்டது.

ஆனா முடிவு என்னன்னு நமக்குத் தெரியாது. கடைசிப் பகுதியில சத்தம் போயிருச்சு, முடிவுப் படமும் இல்ல. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இரண்டாவது ஹோங் உன்-வொன். திரைக்கதை எழுதிட்டு இருந்தவங்க, 1962ல பெண் நீதிபதின்னு ஒரு படம் எடுத்தாங்க. கொரியாவோட முதல் பெண் நீதிபதி ஹ்வாங் யூன்-சுக்னு ஒருத்தங்க 1961ல மர்மமான முறையில இறந்துட்டாங்க, அதுல இருந்து பிறந்த கதை. படத்துல நாயகி நீதிபதி ஆகிறா, வீட்டுல மாமியாருக்கும் புருஷனுக்கும் அது முள்ளா உறுத்துது, கடைசியில அந்த மாமியாருக்கே கேஸ் வரும்போது இவ பதவியை விட்டுட்டு வக்கீலா வந்து நிக்கிறா. இந்தப் படம் தொலைஞ்சே போச்சுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. 2015ல தனியார் ஒருத்தர் தன்கிட்ட இருந்த பழைய படங்களைக் கொரியத் திரைப்படக் காப்பகத்துக்குக் குடுக்கிறார், பெட்டியைத் திறந்து பார்த்தா அதுல இது இருக்கு! யாரோ ஒருத்தர் எடைக்குப் போடாம வெச்சிருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

இதை வெச்சே ஒரு படம் வந்துச்சு. ஓமாஜ், 2021, எடுத்தவங்க சின் சூ-வொன், அவங்க ஸ்கூல் டீச்சரா இருந்துட்டு சினிமாவுக்கு வந்தவங்க. பாராசைட்ல வீட்டு வேலைக்காரம்மாவா வருவாங்களே லீ ஜங்-உன், அவங்கதான் நாயகி. படமெல்லாம் ஓடாம, வீட்டுலயும் மதிப்பு இல்லாம இருக்கிற ஒரு நடுத்தர வயசு பெண் இயக்குநருக்கு இந்தப் பெண் நீதிபதி படத்தோட விட்டுப்போன சத்தத்தை சரி பண்ற வேலை வருது. போகப்போக, வெட்டுப்பட்ட காட்சி எங்கன்னு தேடி ஒரு பழைய தியேட்டருக்குப் போறாங்க. எங்க கிடைக்குது தெரியுமா? தொப்பியில. கொரியாவுல ஒரு காலத்துல பழைய பிலிமை வெட்டி வைக்கோல் தொப்பிக்கு சுத்து பட்டையா வெச்சு தெச்சாங்க, அது கட்டுக்கதை இல்ல, நிஜமா நடந்தது. அந்த தொப்பிப் பட்டையை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிற இடத்துல நான் அழுதுட்டேன்.

ஏன் அழுதேன்னா, எங்க மாமா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். கொட்டகை மூடினப்ப கொஞ்சம் படப்பெட்டியைக் கொண்டுவந்து பரண்ல போட்டார். ரொம்ப வருஷம் கிடந்துச்சு. திறந்தா புளிச்ச காடி வாசனை அடிக்கும், பிலிம் கெட்டுப்போகும்போது அந்த வாசனைதான் வரும்னு எங்களுக்கு அப்பத் தெரியாது, எலி செத்துக்கிடக்குன்னு நெனச்சோம். மாமா போனதுக்கு அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்காரர்கிட்ட கிலோ கணக்குல போட்டுட்டோம். கருப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி இருக்கும், அதை உருக்கி எடுப்பாங்க. என்ன படம் அதுன்னு பெட்டி மேல ஒட்டியிருந்த சீட்டைக்கூட நான் படிக்கல. அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ராத்திரியில யோசிப்பேன். தமிழ்ல முதல்ல படம் இயக்கின பெண் டி.பி.ராஜலட்சுமி, 1936ல மிஸ் கமலா எடுத்தாங்க. அந்தப் படத்தை இங்க இன்னைக்குப் போட்டுக் காட்டணும்னு எனக்கு எவ்வளவு ஆசை, பிரதி இல்லையே. கண் கெட்ட பிறகு எந்த சூரியனை நமஸ்காரம் பண்றது சொல்லுங்க.

மூணாவது விஷயத்துக்கு வரேன். 2001ல ஜோங் ஜே-உன் எடுத்த என் பூனையைப் பார்த்துக்கோ. இன்சியோன் துறைமுக ஊர், பள்ளிக்கூடம் முடிச்ச அஞ்சு பொண்ணுங்க, ஒருத்தி ஆபீஸ்ல எடுபிடி, ஒருத்திக்கு வீட்டுக் கூரையே இடிஞ்சு விழுது, ஒரு பூனைக்குட்டி கை மாறி கை மாறிப் போகுது. தியேட்டர்ல சீக்கிரம் தூக்கிட்டாங்க. அப்ப இன்சியோன் ஜனங்க இது எங்க ஊர் படம், திரும்பப் போடுன்னு இயக்கமே நடத்தினாங்க, போட வெச்சாங்க. அதே வருஷம் இம் சூன்-ரே எடுத்த வைக்கிக்கி பிரதர்ஸ் படத்தையும் இப்படி ரசிகர்கள் தூக்கிப் பிடிச்சாங்க. நான் கேக்கிறது அதேதான், ஜனங்க நெனச்சா நடக்கும்.

காப்பாத்துறதுன்னா பெட்டியில வெக்கிறது மட்டும் இல்ல, உயிரோட இருக்கும்போதே பதிவு பண்றதும்தான். பியோன் யங்-ஜூன்னு ஒரு இயக்குநர், ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளா இழுத்துட்டுப் போன பெண்கள், பாட்டிகளா ஒரே வீட்டுல சேர்ந்து வாழ்ந்ததை 1995ல இருந்து 1999 வரைக்கும் மூணு ஆவணப்படமா எடுத்தாங்க. இரண்டாவது படத்துல காங் டோக்-கியோங்னு ஒரு பாட்டி, நுரையீரல் புத்துநோய், நான் சாகிறவரைக்கும் என்னைப் படம் எடுன்னு அவங்களே கேட்டாங்க. அந்தப் பாட்டிக்குப் புரிஞ்சிருக்கு, அவங்க போனா அவங்க குரலும் போயிரும்னு.

தலைவர் அய்யா துண்டுச்சீட்டு அனுப்பிட்டார், நேரம் ஆச்சு. நாலாவது விஷயம் ஒரு தனிக் கூட்டமே வேணும், பேரை மட்டும் சொல்லிடறேன், குறிச்சுக்கோங்க. கிம் போ-ரா எடுத்த ஹம்மிங்பேர்ட் வீடு, 1994ல சியோல்ல சோங்சு பாலம் இடிஞ்ச வருஷத்துல ஒரு 14 வயசுப் பொண்ணு. யூன் கா-உன் எடுத்த நம்ம உலகம், சின்னப் பிள்ளைங்க சிநேகமும் சண்டையும். ஜோங் ஜு-ரி எடுத்த அடுத்து சோஹி, கால் சென்டருக்குப் பயிற்சின்னு அனுப்பின பள்ளிப் பொண்ணு செத்துப்போன உண்மைச் சம்பவம், அந்தப் படம் வந்து 2023ல அங்க பயிற்சி மாணவர்களுக்காக சட்டத்தையே திருத்தினாங்க, கவுன்சிலர் அக்கா அவசியம் பார்க்கணும்.

இப்ப என் கோரிக்கை. கொரியாவுல 1974லேயே காப்பகம் வெச்சுட்டாங்க, படம் எடுக்கிறவங்க அங்க ஒரு பிரதி குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. நமக்கு பூனேயில 1964ல ஆரம்பிச்ச காப்பகம் இருக்கு, நல்ல இடம், ஆனா நம்ம ஊர் பரண்ல கிடக்கிற பெட்டி பூனே வரைக்கும் தானா நடந்து போகாது. அதனால நம்ம மாவட்ட நூலகத்துல ஈரம் இல்லாத ஒரு குளிர் அறை, ஏசி போட்ட ஒரே ஒரு அறை, அங்க கொண்டுவந்து சேர்த்து வெச்சு, என்னன்னு பேர் எழுதி, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பலாம். வாசல் மேசையில கையெழுத்து நோட்டு இருக்கு, போன கூட்டத்துல 61 பேர் போட்டீங்க. பழைய ஆபரேட்டர் குடும்பம், கொட்டகை வெச்சிருந்த குடும்பம், கல்யாண வீடியோ எடுத்த குடும்பம், யார் வீட்டுலயாவது தகரப் பெட்டி இருந்தா தயவுசெஞ்சு வெயில்ல வெக்காதீங்க, இரும்புக்காரருக்குப் போடாதீங்க, எனக்கு ஒரு போன் அடிங்க, நானே வந்து தூக்கிக்கிறேன். காடி வாசனை வந்தா உடனே அடிங்க, அன்னைக்கே வரேன். கண் கெடுறதுக்கு முன்னாடி.

சரி, படத்தைப் போடப்போறோம், பார்க் நாம்-ஓக் எடுத்த விதவை, ஒண்ணேகால் மணி நேரம். தமிழ் வசனத்தை நானும் நூலகர் அம்மாவும் உக்காந்து எழுதினோம், கீழ வரும், பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியலன்னா முன்னாடி வாங்க. கடைசி பத்து நிமிஷம் சத்தம் வராது. மைக் செட் தம்பி மேல தப்பு இல்ல, ஒயர் புடுங்கல, அந்த சத்தம் உலகத்துல எங்கயுமே இல்ல. வாய் அசையும், வார்த்தை வராது, வசனமும் கீழ வராது, யாரும் எந்திரிச்சுப் போயிராதீங்க, அந்தப் பத்து நிமிஷமும் உக்காந்து பாருங்க. தம்பி, லைட்டை அணைச்சிருப்பா.