டாக்வுட்டுக்குப் பதில் ஒரு மந்தாரை

நேயர்களுக்கு வணக்கம்.

அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. ஏப்ரலில் போய் வந்தவர்கள் என்னிடம் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கிளையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூத்த மரம். "இதை பெங்களூரில் வைக்கலாமா அம்மா?" என்று கேட்பார்கள். அது டாக்வுட். வர்ஜீனியா மாநிலத்தின் மரமும் அதுதான், மலரும் அதுதான்.

என் மகள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அந்த நாலு வெள்ளை இதழும் இதழே இல்லை. காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பது பூவைச் சுற்றிய இலைதானே, அதுபோலத்தான் இதுவும். நிஜப் பூக்கள் நடுவில், கடுகு அளவில், பச்சையும் மஞ்சளுமாகக் கொத்தாக இருக்கின்றன.

இதன் மொட்டு முந்தின கோடையிலேயே சட்டைப் பொத்தான் மாதிரி கிளை நுனியில் வந்துவிடும். குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்தால்தான் மலரும். ஜனவரி இரவிலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில் அந்த உறக்கம் அதற்குக் கிடைக்காது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கன்றைக் கொண்டுவரவும் கூடாது. நம் மரங்களுக்கு இல்லாத நோய் அதோடு வந்து சேரும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று. டாக்வுட்டுக்கு வேர் மேலாகவே ஓடும். அதனால் அடியில் மரத்தூளோ சருகோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, கோடையில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். புல்வெட்டும் மெஷின் அடிமரத்தில் படவே கூடாது. பட்டை கிழிந்த இடத்தில் பூச்சி துளைத்துவிடும்.

சரி, இங்கே என்ன வைப்பது? நான் மந்தாரை என்பேன். கன்னடக்காரர்கள் பசவன பாதம் என்கிறார்கள். இலை நடுவில் பிளந்து மாட்டுக் குளம்புபோல் இருப்பதால் வந்த பெயர். மந்தாரையில் ஒரு வகை மழை ஓய்ந்ததும் இலையோடு பூக்கும். இன்னொன்று இலையை உதிர்த்துவிட்டு, பிப்ரவரி மார்ச்சில் வெறும் கிளையில் பூக்கும். அதில் வெள்ளை ரகம் கிடைத்தால் விடாதீர்கள். அந்த டாக்வுட் அழகுக்கு அதைவிடக் கிட்டத்தில் வருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் மழை பிடித்ததும் நடுங்கள். சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் பத்தடி தள்ளி, இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் குழி. நம் செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு போதும். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் குழியிலும் இருக்க வேண்டும். நான் முதலில் வைத்த கன்றுக்கு ஆசையாக எருவைத் தண்டைச் சுற்றியே குவித்தேன். ஈரம் தங்கி, பட்டை அழுகி, ஆகஸ்டுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. எரு தண்டை விட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை நன்றாக ஊறும்படி தண்ணீர். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் கீழே இறங்காது. கவாத்து செய்வதென்றால் பூ முடிந்த கையோடு செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த வருஷத்துப் பூவும் வெட்டோடு போகும். அப்புறம், தயவுசெய்து மரத்தடி வரைக்கும் சிமெண்ட் போடாதீர்கள். எங்கள் தெருவில் அப்படி மூச்சடைத்துப் போன மரங்களைத் தினமும் பார்க்கிறேன்.

பூ முடிந்தால் பட்டையான காய் தொங்கும். வெயில் ஏறியதும் பட்டென்று வெடித்து விதை சிதறும். அதற்கு முன்பே பறித்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் முளைத்துவிடும். எங்கள் மொட்டை மாடியில் இப்போது ஒரு முறம் நிறைய காய் காய்கிறது. மத்தியானம் சமையலறையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கிறது.