பகுதிநேர ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

அன்பு நேயர்களே, வணக்கம்.

நம் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்வி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இப்படிப்பட்ட பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2012இல் தமிழ்நாடு அரசு 16,549 பேரை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் சம்பளம்.

அந்தத் தொகை 2021இல் 10,000 ஆனது, 2024இல் 12,500 ஆனது. உயர்வு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அது வந்த விதத்தைப் பாருங்கள். சென்னை கல்லூரிச் சாலையில், கல்வித் துறை வளாகத்து வாசலில், வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடுவார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் வைப்பார்கள். அப்புறம் என்றைக்கோ ஒரு நாள் அறிவிப்பு வரும். பள்ளி மூடியிருக்கும் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்ற நிபந்தனை பல ஆண்டுகள் அந்தக் குடும்பங்களை வாட்டியது. அதை விதித்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கூட்டுப்பேர உரிமை இருந்தால் இப்படி நடக்காது. சங்கத்தை அங்கீகரித்து, குறித்த நாளில் எதிரே உட்கார்ந்து பேசி, ஒத்துக்கொண்டதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆலைத் தொழிலாளிக்கு இருக்கும் இந்த வழி ஆசிரியருக்கு ஏன் இல்லை?

அந்த வழியைத் தொழிலாளிக்குத் தருவது தொழில் தகராறுச் சட்டம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், அந்தச் சட்டப்படி கல்வி நிறுவனமும் ‘தொழில்’தான் என்றது உச்ச நீதிமன்றம். 1988இல், கோவாவில் வேலையிழந்த ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், அதே சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்றது. கற்பித்தல் உன்னதமான பணி என்பது அதற்குச் சொன்ன ஒரு காரணம். உன்னதம் என்று சொல்லியே உரிமை மறுக்கப்பட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை ஒட்டி வந்த தீர்ப்போ, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றது. கூட்டுப்பேரம் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவும் இல்லை.

சரி, சட்டத்தை மாற்ற முடியாதா? முடியும், ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை ஆசிரியருக்குக் கிடையாது என்று 2004இல் தீர்ப்பு வந்தது. 2009இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி ஆசிரியரையும் சேர்த்து, அது 1997 ஏப்ரலிலிருந்தே செல்லும் என்று ஆக்கியது. தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020இன் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் பத்திரிகையாளர்களையும் விற்பனைப் பிரதிநிதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதே வரியில் ஆசிரியர்களையும் சேருங்கள் என்கிறேன்.

டெல்லி திருத்தும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. பகுதிநேர ஆசிரியர் சங்கங்களோடு ஆண்டுக்கு இரண்டு முறை பேசுவோம், முடிவுகளைக் கையெழுத்திட்டு வெளியிடுவோம் என்று மாநில அரசே ஆணை போடலாம். முதல் கூட்டத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு எழுத்துப்பூர்வ உறுதி, வைப்பு நிதி, பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளட்டும். பணி நிரந்தரம் பெரிய பேச்சு. அதற்கும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு தேதி குறிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.